வளவில் ஷூ

1998 ஜூன் 18, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மேல்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மழை வரும் அறிகுறி இல்லை. என் பேத்திக்குப் பார்த்திருந்த சிங்கப்பூர் மாப்பிள்ளையின் போட்டோவைத் தரகர் கொண்டுவந்து கொடுத்தார். கொத்தமங்கலத்தில் அவர்கள் வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய தூண்களுக்கிடையே, பெற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பையன் பக்கத்தில் நின்றான்.

"பொங்கலுக்கு வந்தப்ப எடுத்தது" என்று சொல்லிவிட்டுத் தரகர் போய்விட்டார்.

முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எதையும் எண்ணாமல் கீழே வைக்க மாட்டேன். தூண் நான்கு, நாற்காலி இரண்டு, கால் ஆறு. அந்த ஆறில் நான்கு வெறுங்கால். மற்ற இரண்டிலும் பளபளவென்று கறுப்பு ஷூ.

எங்கள் பக்கத்தில் செருப்பு வாசற்படியோடு நின்றுவிடும். வீட்டுக் கல்யாணங்களெல்லாம் நடக்கிற வளவில் ஷூ போட்டுக்கொண்டு நிற்க எந்த வீட்டுப் பிள்ளைக்கும் மனசு வராது. ஒன்று, பையன் பெற்றவர்களை மதிக்காதவன். அல்லது அந்த இடத்தில் அவன் நிற்கவே இல்லை. எது மோசம் என்று யோசித்ததில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

பேத்தி கம்ப்யூட்டர் சென்டரில் படித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "குடுங்கய்யா, ஸ்கேன் பண்ணிப் பாத்துருவோம்" என்று என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கியதும் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. பெற்றவர்களின் பாதத்துக்கடியில் தரையில் நிழல் இருந்தது. ஷூவுக்கடியில் இல்லை. பையனின் தலைமுடியைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு ஓடியது. எண்ணினேன்; இரண்டு சதுர அகலம்.

"நீலத் திரைக்கு முன்னால நின்னவர வெட்டி இதுல ஒட்டியிருக்காகய்யா. நெழல் போட மறந்துட்டாக."

"அப்ப வேண்டாம்னு சொல்லிரவா?"

"இருங்க. நீங்களே போயி நேராக் கேளுங்க. மொதக் கேள்விக்கே உண்மையச் சொன்னாகன்னா எனக்குச் சம்மதம். மழுப்புனாகன்னா வேண்டாம்."

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அந்த முதல் கேள்வியை ஏழு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாயார் காப்பி கொடுத்தபோது ஏழும் மறந்துபோயின.

"ஆச்சி, இந்தப் போட்டோவுல மாப்பிள்ளை ஷூ போட்டிருக்காரே?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். சிரிப்பு பொங்கி வந்தது. உள்பக்கம் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "இங்குட்டு வாங்க! ஒங்க மகன் வளவுக்குள்ள ஷூவோட நிக்கிறதப் பாருங்க!" பிறகு என்னிடம், "இது ஒட்டுனதுதான் அண்ணே. பொங்கலுக்கு அவனுக்கு லீவு கிடைக்கல. எங்க கூட நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னு நான்தான் ஸ்டுடியோவுல சொல்லிச் செஞ்சேன், எனக்குப் பாத்துக்கிட்டிருக்க. இதையா தரகர்ட்ட குடுத்து விட்டாக? நான் மேசையில எடுத்து வச்சது வேற போட்டோவாச்சே!"

"பொங்கலுக்கு வந்தாருன்னு தரகர் சொன்னாரே?"

"அது அவரு ஒட்டுனது."

ஆச்சி எடுத்து வந்த அசல் போட்டோவில் நீலத் திரை இருந்தது. அதே நிற்கும் வாகு, அதே ஷூ. அதை வாங்கிவந்து பேத்தியிடம் கொடுத்து, நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சட்டை மடிப்பு வரை ஒப்பிட்டாள். ஒப்பிட்டு முடித்த பிறகும் அசலைக் கீழே வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம் ஆகியிருந்தது.

"போட்டோ சரியா இருக்கா?"

"சரியா இருக்குய்யா."

"மாப்பிள்ளை?"

"அவரும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அந்தச் செலவு தனி. மாப்பிள்ளை அசலா ஒட்டா என்று தெரிந்துகொள்ள ஆனது: ஸ்கேனுக்கு இருபத்தைந்து, பஸ்ஸுக்குப் போகவர ஒன்பது, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று வாங்கிய மிட்டாய்க்கு நாற்பத்தைந்து. ஆக எழுபத்தொன்பது ரூபாய்.