எத்தனை சொம்பு போதும்

மீன் தொட்டிக்கு எவ்வளவு வடிகட்டி வேண்டும் என்று இப்போது கடையில் கேட்டால், ஒரு சின்ன மோட்டாரை எடுத்துக் காட்டி, செருகிவிட்டு மறந்துவிடுங்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த மோட்டார் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தூரில் நாங்களும் சித்தப்பாவும் சித்தியும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, ஒழுகாமல் இருக்க இடுக்கில் மக்கு பூசி, கூடத்து ஜன்னலோரம் ஒரு தொட்டி செய்து வைத்திருந்தார். அதில் மதராஸிலிருந்து தூக்குவாளியில் போட்டு, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த ஆறு தங்க மீன்கள். தொட்டிக்குக் குறுக்கே ஒரு பலகை, பலகையின் மேல் அடியில் ஓட்டை போட்ட மண்பானை, பானைக்குள் தேங்காய் நார், அடுப்புக்கரி, ஆற்று மணல். தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு பானையில் ஊற்றினால், அது கரியிலும் மணலிலும் இறங்கித் தொட்டிக்கே திரும்பி வரும். ஒரு மீனுக்குக் காலையில் ஐந்து சொம்பு, மாலையில் ஐந்து சொம்பு என்பது சித்தப்பாவின் கணக்கு. ஆறு மீனுக்கு மேல் இந்தப் பானை தாங்காது என்று ஏழாவது மீனை அவர் வாங்கவே இல்லை.

ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்து முடித்த சமயம் அது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, சித்தூரோடு நாங்கள் ஆந்திரா பக்கம் நின்றோம். சித்தப்பா திருத்தணிக்கே மாற்றல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் நைனாவிடம் வந்து சொன்னார். நைனா, அதாவது என் அப்பா, பள்ளிக்கூட வாத்தியார். ஊரை விட்டுப் போகிற எண்ணமே இல்லாதவர்.

“எழுதிக் குடுக்கறதுக்கு முன்னால அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்னு தோணலியா?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

ஒன்றரை மாதம் நான் தபால்காரி வேலை பார்த்தேன். “உங்க சித்தப்பனுக்கு லெட்டர் வந்துகீது, சொல்லு” என்று நைனா சொல்வார். சித்தப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். இருந்தாலும் நான் போய்ச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள், நடுவில் என்னை வைத்துக்கொண்டு. பாட்டுப் புத்தகம்கூட என் வழியாகத்தான் கைமாறியது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மாற்றல் கிடைத்தது. தொட்டி லாரியில் போனால் உடைந்துவிடும் என்று சித்தப்பா அதை எனக்கே விட்டுவிட்டார். புறப்படுகிற வாரத்தில், மூட்டை கட்டும் வேலை இருந்ததால், சொம்பையும் என்னிடம் ஒப்படைத்தார்.

“லீவு உட்டா மீனப் பாக்க வருவேன். அதுங்கள நல்லா வச்சிக்கினு இரு” என்றார்.

மீன் இருந்தால் சித்தப்பா வருவார், மீன் போய்விட்டால் வரமாட்டார் என்று நான் புரிந்துகொண்டேன். இவ்வளவு பெரிய பொறுப்பை வைத்துக்கொண்டு நான் செய்தது என்னவென்றால், முப்பது சொம்புக்குப் பதில் பத்து சொம்பு ஊற்றிவிட்டு விளையாடப் போனேன். மாலையில் அதுவும் இல்லை. நாலாம் நாள் தொட்டி கழுநீராகக் கலங்கிவிட்டது. மறுநாள் சித்தப்பா புறப்பட வேண்டும்.

மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வந்தால், அம்மா குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை ஒரு தேய்ப்புத் தேய்ப்பாள். சற்று நேரத்தில் அழுக்கெல்லாம் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். ஒரு குடத்துக்கு ஒரு தேய்ப்பு என்றால் தொட்டிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதுமே தாராளம். நாலு கொட்டையை அம்மியில் இழைத்து, அந்தக் குழம்பு முழுவதையும் ஊற்றினேன்.

மதியத்துக்குள் தொட்டி தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லைக்கூட எண்ணலாம். ஓடிப்போய் சித்தப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார். ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அம்மி ஈரமாக இருந்ததையும் அவர் பார்த்தார். பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, அண்டாவில் வெயிலில் இருந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தார்.

நைனா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் சித்தப்பா மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். சட்டை முழுக்க ஈரம். இரண்டு மீன்கள் செத்து வாழையிலையில் கிடந்தன. நான் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். நைனா என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். செய்தி சொல்ல என்னைக் கூப்பிடுவார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“சொம்ப இப்டி குடு” என்றார் சித்தப்பாவிடம். “எவ்ளோ நேரமா ஊத்தினுகிற?”

“மத்தியானத்துல இருந்து, அண்ணா. மேல இருந்து வுழற தண்ணிலதான் அதுங்களுக்கு மூச்சு. ஒரு பான பத்தாது.”

நைனா நேராகச் சமையலறைக்குப் போய், எங்கள் குடிதண்ணீர் வடிகட்டும் பானையைத் தூக்கி வந்துவிட்டார். நாளைக்கு எல்லாரும் இன்னா குடிக்கிறது என்று அம்மா கேட்டபோது, அவர் அதைப் பலகையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் மொண்டு கொடுக்க, ஒருவர் வாங்கி ஊற்ற, இரண்டு பானையும் நிற்காமல் ஓடின. அவர்கள் மீனைப் பற்றித்தான் பேசினார்கள். கரியை மாற்றலாமா, மணலை அலசலாமா, இதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

நான் போய் நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதுகில் விழும் என்று காத்திருந்தேன். “போய் துன்னு, போ” என்றார்.

லாரி மறுநாள் வரவில்லை. மீன் இப்படி இருக்கும்போது எப்படிப் போவது என்று சித்தப்பா அதைத் தள்ளிப் போட்டுவிட்டார். பயணத்தையே நிறுத்துகிற அளவுக்குத் தப்பு செய்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றும் அதற்கடுத்த நாளும் நைனா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். மீதி நாலு மீனும் அடியில் போய்த் தீனி பொறுக்க ஆரம்பித்தன.

மூன்றாம் நாள் காலை லாரி வாசலில் நின்றது. சாமான் ஏற்றியாகிவிட்டது. சித்தி முன்னால் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். உள்ளே ஓடினால் இரண்டு பேரும் இன்னும் தொட்டியருகில். தண்ணீர் அவ்வளவு சுத்தம். மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன.

“நைனா, போதும். தண்ணி தெளிஞ்சி போச்சி” என்றேன்.

“உனுக்குத் தெரியாது. இன்னும் பத்து சொம்பு ஊத்தணும்” என்றார் நைனா, தொட்டியைப் பார்த்தபடியே.

நாலு மீனுக்கு இருபது சொம்பு. எப்போதோ ஆகிவிட்டது. நைனாவுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணக்குப் போட்ட சித்தப்பா திருத்துவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி ஒரு சொம்பு மொண்டு அண்ணனிடம் நீட்டினார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. வாசலுக்குப் போனேன்.

“ஏம்மா, ஆலஸ்யம் ஆவுதே. இன்னா பண்றாங்க?” என்றார் டிரைவர்.

“கணக்கு தப்பா போட்டுக்கினு ஊத்திக்கினே கீறாங்க” என்றேன்.

அவர் இறங்கி வந்து வாசல் வழியாக ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தார். திரும்பிப் போய் என்ஜினை அணைத்துவிட்டு, ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார். இந்த ஆளுக்கும் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.