சத்தத்தைக் குறைத்து வைக்காத குற்றம்

என் மேசை இழுப்பறையில் ஒரு இயர்போன் கிடக்கிறது. சுருள் வயர் வெளுத்துவிட்டது; இடுப்பில் செருகும் கிளிப் உடைந்து, நூலால் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டு தினமும் உழைத்த பொருள். ஆனால் காதுக்குள் போகும் ரப்பர் முனை மட்டும் வாங்கிய நாள்போலவே இருக்கிறது.

அது முகூர்த்தம் அக்காவுடையது. பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் எங்கள் பட்டுக் கடையில் கல்யாணப் புடவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். தாமலிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்துவிட்டு, இங்கே விளம்பரம் எழுத வந்தவன். 'மரியாதையோடு வரவேற்கிறோம்' என்று வாசலில் தொங்கும் வரி என்னுடையதுதான். வாசலுக்கு உள்ளே அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் மேனேஜர் பணியாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோர் இடுப்பிலும் ஒரு வாக்கி டாக்கி. அதில் நாள் முழுவதும் அவர் குரல். ஒரு ஆவணி மாதம், கல்யாணக் கூட்டம். அக்கா ஒரு மாம்பழ நிறப் புடவையைப் பிரித்து மணப்பெண்ணின் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் அக்காவின் இடுப்பிலிருந்து குரல் வந்தது.

"ஏய் எழவு, அரக்கு கலரு கட்ட எங்க தொலைச்ச? காது அடைச்சிக்கிச்சா?"

முகூர்த்தப் புடவை எடுக்கும்போது தும்மினாலே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். அந்த அம்மா புடவையை மகளின் தோளிலிருந்து தானே எடுத்து மெத்தைமேல் வைத்தார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல என்னா வார்த்தைம்மா இது? எழுந்திரு, போலாம்." பதினோரு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

விசாரணை முதலாளி அறையில் நடந்தது. நானும் இருந்தேன். மேனேஜர் சொன்ன வார்த்தையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி கேட்டது அக்காவை: "சவுண்ட கம்மியா வெச்சிருந்தா இது நடந்திருக்குமாம்மா?" மறுநாள் காலைக்குள் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் வேலைக்கு வர வேண்டாம். கணவர் படுக்கையில் கிடந்த வீடு அக்காவுடையது. எழுதித்தான் ஆக வேண்டும்.

கடையில் கடிதம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். 'மேனேஜர் சற்றுக் கடுமையாகப் பேசியபோது' என்று ஆரம்பித்தேன். அக்கா நிறுத்தினார்.

"கடுமைல்லாம் வேணாம் சார். அவரு என்னா சொன்னாரோ அத்த அப்பிடியே போடுங்க."

சொன்னதைச் சொன்னபடி எழுதுவதற்குத்தான் பத்திரிகையில் எனக்கு அத்தனை காலம் சம்பளம் கொடுத்தார்கள். வெட்கத்தோடு எழுதினேன்: 'மேனேஜர் அவர்கள் என்னை "ஏய் எழவு" என்று அழைத்தபோது, முகூர்த்தப் புடவை மணப்பெண்ணின் தோளில் இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைக்காதது என் தவறு. மன்னிக்கவும்.'

மன்னிப்புக் கடிதங்களைக் காலைப் பூஜையில் எல்லோர் முன்பும் வாசிப்பது மேனேஜரே கொண்டுவந்த வழக்கம். மற்றவர்களுக்குப் பயம் வர வேண்டும் என்பதற்காக. கடிதத்தை முன்கூட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சாமி படத்தின் முன் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. 'மேனேஜர் அவர்கள் என்னை' என்பதுவரை வாசித்துவிட்டு மேனேஜர் நின்றார்.

"என்னாச்சு? முழுசா படிப்பா" என்றார் முதலாளி, அடுத்து வருவது தெரியாமல்.

படித்தார். பில் போடும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதற்குப் பிறகாவது நிலைமை மாறியிருக்கும் என்று நினைப்பவர்கள் எங்கேயும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த வாரம் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. எல்லோருக்கும் இயர்போன். இனி வாடிக்கையாளர் காதில் எதுவும் விழாது. திட்டு நேராக எங்கள் காதுக்கே வரும். நிர்வாகம் யோசித்துக் கண்ட தீர்வு அது.

அக்கா அதை வாங்கி, வயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். முனை ரவிக்கைக்கு மேலே தொங்கும். புடவை காட்டும்போது அதற்குள்ளிருந்து கொசு ரீங்காரம்போல ஒரு குரல் கத்திக்கொண்டே இருக்கும். வேலையில் ஒரு குறையும் இல்லாததால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

போன மாதம் வேலையிலிருந்து நின்றபோது அதை என் மேசையில் வைத்தார். "புதுசா வர்ற பொண்ணுக்குக் குடுங்க சார். காதுல வெச்சதே இல்ல, சுத்தமா இருக்குது."

இன்னும் கொடுக்கவில்லை. இன்று காலையும் என் காதில், "யோவ் விளம்பரம், எங்கய்யா செத்த?" என்றது குரல். பதில் சொல்லிவிட்டு, என்னுடையதைக் கழற்றி அக்காவுடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் முனை கறுத்துப்போயிருந்தது.