ஐந்து இருபது பஸ்ஸில் எத்தனை பேர்

அத்திபெலேயில் காலை ஐந்து இருபதுக்குப் புறப்படும் பஸ்ஸில் ஸ்வர்ணா போய்வரத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவில், டிரைவருக்குப் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போனாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததில்லை என்றாலும் முழு உடம்பும் உள்ளே இருந்தது. அதுவே பெரிய விஷயம் என்று சொல்வாள்.

அவளுக்கு நாற்பத்தோரு வயது. பத்தாம் வகுப்பில் முதல் வகுப்பில் தேறினாள். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் யாருக்கும் வசதியில்லை. சுவிட்ச் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாகச் சரிபார்க்கும் வேலை. மணிக்கு இருபது சுவிட்சை எடுத்து அழுத்திப் பார்த்து, நேரம், எண்ணிக்கை, பழுது, கையெழுத்து என்று ஒரே மாதிரித் தாளில் ஒரே மாதிரி எழுத வேண்டும். அவள் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் கேட்டில் அரை நாளைக் கழித்துவிடுவார்கள்.

போன ஜூலையில் அந்த பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும் பாகீரதி போனில் ஒரு சமூக வலைத்தளத்தைக் காட்டினாள். நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள்: காலையில் காலி பஸ் ஓடுகிறது, மக்கள் வரிப்பணம் வீணாகிறது. எல்லார் பதிவிலும் ஒரே படம், ஆளில்லாத பஸ். ஸ்வர்ணா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சீட்டின்மேல் பளீரென்று வெயில் விழுந்திருந்தது.

“அஞ்சு இருபதுக்கு எங்கடி இவ்ளோ வெயிலு?” என்றாள்.

பாகீரதியை வைத்துத் தானும் அங்கே ஒரு கணக்குத் திறந்தாள். படித்தது கன்னடப் பள்ளியில் என்பதால் கன்னடத்திலேயே எழுதினாள். பஸ் கிளம்பியதும் தலைகளை எண்ணி, தேதி போட்டு, “5.20 பஸ். அத்திபெலேயில் ஏறிய பெண்கள் 38, ஆண்கள் 21. உட்கார இடம் இல்லை” என்று பதிவாள். மறுநாள் அதே வரி, வேறு எண்ணிக்கை. ஒருநாள்கூட விட்டதில்லை. காய்ச்சலில் படுத்த ஒருநாள் பாகீரதியை எண்ணச் சொல்லி வாங்கிப் போட்டாள்.

இருபது நாள் வரை அதை நாலைந்து பேர்தான் பார்த்தார்கள். இருபத்தோராம் நாள் தொள்ளாயிரம் பேர் எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் “இது மக்களின் குரல், பதில் சொல்” என்று ஒரே வரியைச் சேர்த்திருந்தார்கள். அன்று அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மூன்று தடவை போனைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது சந்தோஷம் வடிந்துவிட்டது. எல்லாரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். ஒருவர் பதிவிலும் அதற்கு முன்னால் பஸ் என்ற பேச்சே இல்லை.

கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் ரோஹனிடம் கேட்டாள். அவன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இவர்கள் யாரும் ஆட்கள் இல்லை, எங்கேயோ ஒரு அறையில் யாரோ ஓட்டுகிற மிஷின் கணக்குகள் என்றான். பஸ் காலி என்று எழுதுவதும் அப்படித்தான், இவளைத் தூக்கிப் பிடிப்பதும் அப்படித்தான். அது ஒரு கட்சி, இது இன்னொரு கட்சி.

“எங்க பஸ்ஸு மேல இவங்களுக்கு என்னப்பா கோவம்?”

“பஸ்ஸு மேல ஒண்ணும் இல்லக்கா. அத விட்டது பழைய எம்.எல்.ஏ. அவ்ளோதான்.”

அடுத்த வாரம் அவள் கணக்கைத்தான் மூடினார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியம் வருவதாலும், கூடவே அந்தத் தொள்ளாயிரம் இருந்ததாலும், இதை ஒரு இயந்திரம் இயக்குவதாகத் தெரிகிறது என்று அறிவிப்பு வந்தது. மனிதர்தான் என்று காட்ட அந்தத் தளம் ஒரு சோதனை வைத்தது. ஒன்பது கட்டங்களில் பஸ் இருக்கும் கட்டங்களை மட்டும் தொட வேண்டும். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி அடுத்த கட்டத்தில் விரல் நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்வர்ணா அதையும் தொட்டாள். தவறு என்றது. வேறு படம் வந்தது. அதிலும் கண்ணாடியை விட அவளுக்கு மனம் வரவில்லை. ஆறு தடவைக்குப் பிறகு அதுவும் மூடிக்கொண்டது.

“கண்ணாடிய விடுக்கா, யாரு அதெல்லாம் பாக்கறாங்க” என்றாள் பாகீரதி.

“அது பஸ்ஸோடதுதானேடி” என்று சொல்லிவிட்டு ஸ்வர்ணா போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கணக்கு போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. பஸ்தான் வேண்டும். டிப்போவில் வியாழக்கிழமை குறைகேட்புக் கூட்டம் என்று கேள்விப்பட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, தலைக்கணக்கு எழுதிய நோட்டோடு போனாள். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தாள்.

அதிகாரி கத்தவில்லை, அவரும் களைத்துத்தான் இருந்தார். பஸ் காலி என்று இரண்டாயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், நிறைந்திருக்கிறது என்று எழுதியது ஒரே ஒரு கணக்கு, அதுவும் மிஷின் என்று மூடிவிட்டார்கள் என்றார்.

“அந்த மிஷினு நான்தான் சார்” என்றாள் ஸ்வர்ணா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். எழுதுகிறவர்களை விடுங்கள், நாளைக் காலையில் நீங்களே வாருங்கள், நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்று அவள் சொன்னாள். அதிகாரி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். அது டிப்போவின் சொந்தக் கணக்கு. ஐந்து இருபது பஸ், சராசரிப் பயணிகள் பத்தொன்பது.

ஸ்வர்ணா தன் நோட்டைப் பார்த்தாள். ஆண்களின் கணக்கு இருபத்தொன்று, பதினெட்டு, பத்தொன்பது. அப்போதுதான் புரிந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் பூஜ்யம் ரூபாய்க்கு ஒரு டிக்கெட் அடிக்க வேண்டும், அதை வைத்துத்தான் டிப்போவில் தலை எண்ணுவார்கள். அந்த நெரிசலில் கண்டக்டர் பிரகாஷால் பின்னாலிருந்து முன்னால் வர முடியாது. காசில்லாத டிக்கெட்டுதானே என்று பெண்களும் கேட்பதில்லை. ஒவ்வொரு சுவிட்சையும் அழுத்திப் பார்க்கிறவள், இரண்டு வருடத்தில் அந்த டிக்கெட்டை வாங்கியது பத்துத் தடவை இருக்குமா என்பது சந்தேகம். இரண்டாயிரம் மிஷின்கள் சொன்ன பொய்க்கு அவளும் அவளோடு நின்ற பெண்களுமே சாட்சி சொல்லியிருந்தார்கள்.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது என்று அங்கேயே ஒப்புக்கொண்டாள். அதிகாரி பதினைந்து நாள் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே நிறுத்தத்தில் நின்றாள். பெண்களை வரிசையாக நிறுத்தி, இலவச டிக்கெட்டுக்குக் காட்ட வேண்டிய ஆதார் கார்டைக் கையில் எடுக்கச் சொல்லி, பஸ் கிளம்புவதற்கு முன் பிரகாஷைக் கீழே இறங்கி டிக்கெட் அடிக்க வைத்தாள். டீ குடிக்கக்கூட விடமாட்டேன் என்கிறீர்களே அம்மா என்று கன்னடத்தில் அவன் முணுமுணுத்துக்கொண்டே அடித்தான். பெண்களிடமும் திட்டு வாங்கினாள். “ஓசி டிக்கெட்டுக்கும் கியூவா? எலக்‌ஷன்ல நிக்கப்போறியாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். ஸ்வர்ணா அவள் கார்டை வாங்கிப் பிரகாஷிடம் நீட்டினாள்.

பதினாறாம் நாள் சராசரி ஐம்பத்தெட்டு. மறு உத்தரவு வரும் வரை பஸ் ஓடும் என்று டிப்போவில் தாள் ஒட்டினார்கள். அன்று மாலை ரோஹன் கூப்பிட்டுக் காட்டினான். பஸ்ஸைக் காப்பாற்றிய தலைவருக்கு நன்றி என்று ஒரு பக்கம் ஆயிரம் பதிவு. அதே வாக்கியம், வேறு தலைவர் படம், இன்னொரு பக்கம் ஆயிரம். காலி பஸ் படம் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஸ்வர்ணா கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்துவிட்டு, தூக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போனாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பல கம்பெனிகள் லீவு விட்டிருந்தன. அவள் கம்பெனியிலும் பேக்கிங்குக்கு லீவு, ஆனால் அவளுக்கு ஷிஃப்ட் இருந்தது. பஸ்ஸில் ஏறினால் பெரும்பாலான சீட்டுகள் காலி. முதல் தடவையாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பிரகாஷ் டிக்கெட் அடித்துக் கொடுத்து, இன்றைக்காவது தூங்குங்கள் என்றான். அவள் திரும்பி எண்ணினாள். பதினோரு பேர். இன்று பண்டிகை லீவு என்று டிக்கெட் மிஷினில் போட இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கெல்லாம் இடமில்லை என்றான்.

தூக்கம் வரவில்லை. வரிசையில் டிக்கெட் அடிக்கத் தொடங்கி இருபத்துநாலு நாள், ஐம்பத்தெட்டு வீதம். அதோடு ஒரு பதினொன்று. கணக்குப் போட்டால் ஐம்பத்தாறு வந்தது. பரவாயில்லை. நாளையும் இப்படியே இருந்தால்? போனை எடுத்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பாகீரதியை எழுப்பினாள்.

“நாளைக்கு உங்க லைன்ல எத்தன பேருடி வராங்க?”