கறைபடாத வெள்ளைக் கல்

அன்னூரில் வீடு கட்டியபோது, சமையல் மேடைக்குக் கல் வாங்க மனைவியோடு போனேன். "ஏனுங்க, கருப்புக் கிரானைட்டே போதுமுங்க. வெள்ளையில மஞ்சக் கறை புடிச்சுப்போடுமுங்க," என்றாள்.

"உனக்கென்ன தெரியும்?" என்று கடைக்காரர் எதிரிலேயே அவளை அடக்கிவிட்டு வெள்ளை மார்பிள் எடுத்தேன். கிரகப்பிரவேசத்துக்கு வரும் பங்காளிகள் அசந்துபோக வேண்டும் எனக்கு.

முதல் வாரமே மஞ்சள் சிந்தியது. வீடே அதிரக் கத்தினேன். ஆள் வைத்துத் தேய்த்துக் கறையைப் போக்கினேன். மறுநாளிலிருந்து அவள் சமைப்பது கொல்லையில், தகரக் கூரையின் கீழ். வாசற்படிக்குப் போட்டு மிஞ்சிய கருப்புக் கல்தான் அங்கே மேடை.

போன மாதம் வந்த என் அக்கா, "பொட்டுக் கறையில்லியே அம்மணி!" என்று மார்பிளைத் தடவிப் பார்த்தாள்.

"உங்க தம்பி பாத்து எடுத்ததுங்க," என்று சிரித்தாள் மனைவி.

அன்று அப்படிக் கத்திய எனக்கு, "உள்ளே வந்து சமை" என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.