தோல் குடோனில் நஸீராவின் குரல்

திண்டுக்கல் பேகம்பூரில் இஃப்பத்தின் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் மட்டும் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. துணிக்கடை விளம்பர ஆட்டோவில் ‘வாங்க, வாங்க’ என்று தெருத்தெருவாகக் கூப்பிட்டது அவளும் அவள் அக்கா நஸீராவும்தான். பெண்பிள்ளைகள் சத்தம் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லும் சொந்தக்காரர்களே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பெருநாளுக்குத் துணி எடுத்தார்கள்.

அதைக் கேட்டுத்தான் பிரான்சிஸும் வந்தான். ஊர்க்காரன், சென்னையில் டப்பிங் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவன் கொண்டுவந்தது ஒரு ஜப்பான் அனிமே தொடர். எதிர்கால நகரம், மனிதர்களைப் போலவே செய்த இயந்திரங்கள் பேச்சுக் கேட்காமல் கொல்லத் தொடங்குகின்றன, இரும்புக் கவசம் போட்ட பெண்கள் அவற்றை வேட்டையாடுகிறார்கள். கவசப் பெண்களின் தலைவிக்கு நஸீரா குரல். பிடிபடாமல் திரியும் இயந்திரப் பெண்ணுக்கு இஃப்பத். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறிவிடும் நஸீரா, “உன்னைத் தூள்தூளாக்குவேன்!” என்று தங்கையைப் பார்த்து முழங்கியபோது வீடே சிரித்தது.

பதிவெல்லாம் வீட்டுக்குப் பின்னால் அத்தாவின் தோல் குடோனில்தான். பதனிட்ட ஆட்டுத்தோல் கூரைவரை அடுக்கியிருக்கும். உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. நாற்றத்துக்கு மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். ஒருத்தி பேசும்போது மற்றவள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருப்பாள். படத்தில் வாய் திறந்ததும் ஓர் அழுத்து, உடனே வசனம்.

போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் நஸீரா மவுத்தானாள். அம்மா குர்ஷித் பேகம் அதற்குப்பின் கதவு சத்தம் கேட்டாலே “நஸீராவா?” என்று எழுந்து ஓடினார். இப்போதுதான் உட்கார்ந்து ஒழுங்காகச் சோறு தின்கிறார்.

அந்த நேரம் பார்த்து பிரான்சிஸ் போன் செய்தான்.

“இஃப்பத்து, ரெண்டாவது பாகம் வந்திருக்கு. வேற ஆளப் போட மனசு வரல. அக்கா பேசுன ரெக்கார்டிங்க வச்சு கம்ப்யூட்டர்லயே அதே குரலக் கொண்டுவந்துறலாம். வீட்ல சம்மதிச்சாப் போதும்.”

அம்மாவிடம் கேட்காமலே இஃப்பத் சரி என்றாள். அக்காவை இன்னொரு முறை கேட்க வேண்டும். அம்மாவுக்கு அது தெரியவே கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் தூக்கம் போயிற்று.

குரல் வந்தது. நஸீராவேதான், வசனத்துக்கு முன் லேசாகச் செருமுவது உட்பட. ஹெட்போனில் அதைக் கேட்டதும் இஃப்பத்தின் விரல்கள் தானாக ஒரு மணிக்கட்டைத் தேடின. பயமாக இருந்தது. கழற்றவும் மனம் வரவில்லை.

கடைசிக் காட்சி மட்டும் சரிப்படவில்லை. பிடிபட்ட இயந்திரப் பெண், “என்னைத் தெரிகிறதா?” என்று கேட்க வேண்டும். தலைவி, “தெரியாது” என்று சொல்ல வேண்டும். எதிரே நிற்கும் அக்காவோடு பேசிப் பழகியவளுக்குக் காதுக்குள் ஒலிக்கும் குரலோடு நடிக்க வரவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு அம்மா படுத்ததும் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைத் திறந்துவிட்டாள். காட்சி திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தாள். தோல் சத்தத்தைத் தின்றுவிடும் என்று பழக்கதோஷத்தில் நம்பினாள். பக்ரீத்துக்கு வரும் தோலுக்கு இடம் வேண்டுமென்று வீட்டுப் பக்கச் சுவரோர அடுக்கையெல்லாம் போன வாரம்தான் லாரியில் ஏற்றியிருந்தார்கள். வெறும் சுவர் கண்முன்னே நின்றது, மூளைக்கு எட்டவில்லை.

“என்னைத் தெரிகிறதா?”

“தெரியாது.”

மறுபடியும் அதே பதில். அவளுக்கு வசனம் மறந்துபோயிற்று.

“அக்கா, நான் இஃப்பத்துக்கா. என்னயத் தெரியலையா?”

“தெரியாது” என்றது நஸீராவின் குரல்.

கதவு திறந்தது. அம்மா நின்றார். இஃப்பத்தைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“ஏன்டி நஸீரா, கூடப் பொறந்தவளையா தெரியாதுங்கிற?”

“அம்மா, அது அக்கா இல்லம்மா, மெஷினும்மா.” அழுதுகொண்டே அணைக்கப் போன இஃப்பத்தின் கையை அம்மா தட்டிவிட்டார்.

“செத்த நேரம் சும்மா இரு. ஒன்னயத் தெரியாட்டிப் போகுது. பெத்தவளத் தெரியுதான்னு கேளு.”

காட்சி மறுபடி ஓடியது. திரையில் தலைவியின் வாய் திறந்தது. இஃப்பத் ஒயரைப் பிடுங்கினாள்.

அந்தக் குரலை அழிக்கச் சொல்லிவிட்டாள். தொடரில் இப்போது வேறு யாரோ ஒருத்தி பேசுகிறாள். அம்மா மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்:

“எம்மக பதில் சொல்ல வாயெடுத்தா. இவதான் பேசவிடல.”