கொளஞ்சிநாதன் வண்டிக் காற்று

நாலு சக்கரத்தையும் சுற்றி வந்து ஆளுக்கொரு உதை கொடுத்தால்தான் கொளஞ்சிநாதனுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. காக்கி நிக்கரை இழுத்து விட்டுக்கொண்டு, பழைய டயரில் வெட்டித் தைத்த செருப்புக் காலால் உதைப்பார். பாம்பின் கால் பாம்பறியும். டயரின் சேதியை டயர்ச் செருப்பிடம்தானே கேட்க வேண்டும்! 'டங்' என்று பதில் வந்தால் முகம் மலர்ந்துவிடும். 'டொப்' என்றால் கைப்பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

மந்தாரக்குப்பத்து ராஜாங்கம் கான்ட்ராக்டரிடம் அவர் ஓட்டுவது கனத்த பிக்கப் வண்டி. பகலில் இரும்புக் குழாயும் எண்ணெய்ப் பீப்பாயும் நிலக்கரி மைன்ஸுக்குப் போகும். ஷிப்டு சங்கு ஊதியதும் மண் வேலை செய்யும் பெண்கள் அதே வண்டியில் ஊர் திரும்புவார்கள். டயரில் இருப்பது குழாயின் கனத்துக்கென்று இறுக அடித்த காற்று. குழாய் ஏற்றினால் தேர் மாதிரி அசைந்து போகிற வண்டி, ஆள் மட்டும் ஏற்றினால் கட்டவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். கூட்டத்தில் வாய்த்துடுக்குள்ளவள் வீராயி.

"அண்ணே, ஒன் வண்டியில வந்தா எறங்கனப்புறம் இடுப்பைத் தேடிகினு நிக்க வேண்டியிருக்கு. கொஞ்சம் காத்தை எறக்கேன்."

"காத்து கொறஞ்சா டயரு செத்துடும்மா. நீ குலுங்கனதுல செத்தா போயிட்ட?"

"சாவலைண்ணே. ஒன் புண்ணியத்துல கூனு மட்டும் வுழுந்திருக்கு."

பின்னால் சிரிப்பு கிளம்பும். அவரும் சேர்ந்து சிரிப்பார். காற்றை மட்டும் இறக்க மாட்டார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பின்சக்கரத்தில் காற்றுக் குறைந்திருப்பதைப் பாராமல் குழாய் ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புப் பக்கம் போனார். வெயிலில் டயர் சூடேறி வெடித்தது. குழாய்கள் உருண்டு நெல் வயலில் விழுந்தன. டயர் கிடைப்பது அப்போது குதிரைக் கொம்பு. ராஜாங்கம் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் அடுப்பு பாதி நாள் எரியவில்லை. மறுபடி சேர்த்துக்கொண்டபோது, "இனிமே ஒரு டயர் போச்சுன்னா நீயும் அதோட போ" என்று முதலாளி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. சூடு கண்ட பூனை. என்ன செய்வார், பாவம்.

அவர் மனைவி கனகம் முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கிறாள். போன தடவை மாதம் நிறைந்திருந்தவளை நெய்வேலி ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில்தான் அழைத்துப் போனார். குழந்தை தங்கவில்லை. ஊரே அந்தக் குண்டும் குழியுமான ரோட்டைத் திட்டியது. கொளஞ்சிநாதனும் கூடச் சேர்ந்து வாய் வலிக்கத் திட்டினார்.

இப்போது மறுபடியும் அவளுக்கு மாதம் நிறைந்திருக்கிறது. குலுங்காமல் கூட்டி வரச் சொல்லி நர்சம்மா எச்சரித்திருந்தாள். மதியத்துக்கு மட்டும் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். "சாயங்காலம் குழாய் ஏத்தணும், ஞாபகம் இருக்கட்டும்" என்று ராஜாங்கம் சொல்லியனுப்பினார்.

முன்சீட்டில் தலையணை போட்டாயிற்று. கனகம் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"இதுலியாங்க?"

"பயப்படாத. மெதுவா ஓட்டிகினு போறேன்."

"போன தடவையும் மெதுவாத்தாங்க ஓட்டினீங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. பழக்க தோஷத்தில் பின்சக்கரத்தை ஓர் உதை விட்டார். 'டங்' என்றது. இத்தனை காலம் காது குளிரக் கேட்ட சத்தம் அன்றைக்குக் கருங்கல்லை உதைத்த மாதிரி கேட்டது. ரோட்டை மட்டும் திட்டியது போதாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சக்கரத்தருகே குந்தினார். வால்வு மூடியைத் திருகி எடுத்துவிட்டு, வண்டிச் சாவியின் நுனியால் நடுவிலிருந்த ஊசியை அழுத்தினார். காற்று புஸ்ஸென்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக் கலியம்மாள் கையில் முறத்தோடு ஓடி வந்தாள்.

"ஐயையோ, பஞ்சரா தம்பி?"

"இல்லக்கா. நாந்தான் எறக்கிகினு இருக்கேன்."

"நீயா? மொதலாளி பாத்தாருன்னா வேலை போயிடாது?"

"சாயங்காலம் பம்பு வச்சி நானே அடிச்சிக்கிறேன். அதுக்குள்ள பாத்துட்டா பாத்துக்கட்டும். இப்ப ஏறப் போறது குழாயாக்கா?"

கொஞ்சம் விடுவார், எழுந்து வண்டியின் விளிம்பை இரண்டு கையாலும் அமுக்கி ஆட்டிப் பார்ப்பார், மறுபடி குந்திக் கொஞ்சம் விடுவார். நெற்றி வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. வாசலில் நின்ற கனகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சக்கரத்தின் மூடியையும் இறுக்கிவிட்டு எழுந்தார். வழக்கம்போல் உதைக்கக் கால் தானாக எழுந்தது. தூக்கிய காலைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, கட்டை விரலால் டயரை மெல்ல அழுத்திப் பார்த்தார்.