அட்டைக் கதையில் அழுகை கேட்டார்கள்

லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் முன்பள்ளி ஆசிரியை. கொழும்பில் தங்கியிருந்து சிறுவர் கதைகளை விமர்சித்துத் திருத்தும் பயிலரங்குக்கு விண்ணப்பித்தேன். கொழுந்து பறிப்பவர்கள் காலில் தேய்க்கும் சவுக்காரத்துக்குப் பயந்து ஒளியும், இரத்தம் குடிக்கும் அட்டையின் வேடிக்கைக் கதையை அனுப்பினேன். முன்பள்ளிப் பிள்ளைகள் கேட்டுச் சிரித்த கதை அது.

ஏற்பாட்டாளர் தொலைபேசியில், "தோட்டத்து ஆள் நீங்க. அட்டையெல்லாம் எதுக்கு? லயத்து வீடுகள்ல படுற கஷ்டத்த அழ வைக்கிற மாதிரி எழுதுங்க, இடம் நிச்சயம்" என்றார்.

ஆசையில் மாற்றி எழுதினேன். அனுப்புமுன் பிள்ளைகளுக்கு வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "டீச்சர், அட்டையக் காணோமே?" என்றாள் ஒரு சிறுமி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பிள்ளைகள் சிரிக்கக்கூடாதா? அவரை அழைத்து, "அழுறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எந்தக் கதையையும் முதலில் முன்பள்ளியில்தான் வாசிக்கிறேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டால் திருத்துகிறேன். பெரியவர்கள் பரிதாபப்பட்டால் திருத்துவதில்லை.